திமிங்கலத்துக்கு முதுகு காட்டியவர்கள்

சோஹாரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் காரைக் கடற்கரைச் சாலையில் நிறுத்திவிட்டுக் காலாற நடந்து வந்தீர்களானால், அதன்மேல் ஒரு தமிழன் சாய்ந்துகொண்டிருப்பான். பயப்பட வேண்டாம், திருட வந்தவன் இல்லை. ஒரு கையைப் பானட்டில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடு போட்டோவுக்கு நிற்கிறான். அந்தப் போட்டோ பதினைந்து நாளில் அரியலூர்ப் பக்கமோ உளுந்தூர்பேட்டைப் பக்கமோ போய்ச் சேர்ந்து டிவி பெட்டிக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும். கார் யாருடையது என்று வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள், இவனும் சொல்லமாட்டான். பொய் சொன்ன பாவமும் இல்லை, உண்மை சொன்ன கஷ்டமும் இல்லை. ஓமானுக்கு வந்த முதல் மாதம் இதெல்லாம் எனக்கு வெட்கக்கேடாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் நானே ஒரு வெள்ளை ஜீப்பின்மேல் சாய்ந்தேன்.

ஒருமுறை காருக்குச் சொந்தக்காரரே வந்துவிட்டார். வெள்ளை அங்கி, தலையில் பூப்போட்ட தொப்பி, கையில் ஐஸ்கிரீம். எங்கள் கேம்ப் சமையல்காரன் முருகேசன் அப்போதுதான் பானட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் குதித்து ஓடினான். அவரோ "தால், தால்" என்று கூப்பிட்டு, கதவைத் திறந்து, ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொல்லி, ஐஸ்கிரீமைத் தன் கையில் பிடித்துக்கொண்டே காத்திருந்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத முருகேசன் அந்தப் படத்தில் ஊருக்கே கார் ஓட்டுகிறான். எங்கள் துறையூரில் ரைஸ்மில் முதலாளியின் அம்பாசடர்மேல் கை வைத்ததற்காக என் சித்தப்பா அறை வாங்கியிருக்கிறார். இங்கே அந்நியன் காரில் ஏற்றி உட்காரவைக்கிறான். ஊரைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் எழுதினால் தேவலை.

மொபைலில் கேமரா வந்து, அது எங்கள் கைக்கு வந்து சேராத காலம் அது. கேம்ப்பில் ரோல் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். துறைமுகம் கட்டும் சைட்டில் நான் சர்வேயர். அதனால் பெயர் மறந்து 'சர்வேயரண்ணே' ஆகிவிட்டேன். கோணம் பார்த்துக் கோடு பிடிக்கிறவன் போட்டோவும் நன்றாக எடுப்பான் என்று இவர்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள். எடுத்து எடுத்து எனக்கு ஒரு சட்டம் பிடிபட்டது. பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாக அதற்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். மசூதி, கோட்டை, கப்பல், நீரூற்று எதுவானாலும் இவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பார்க்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

செல்வராசு சாரம் கட்டுகிறவன். பெரம்பலூர் பக்கத்துக் கிராமம். எவ்வளவு உயரத்திலும் குழாய்மேல் குழாயாகக் கால் வைத்து ஏறிப்போவான். மகள் இலக்கியா பிறந்து நான்காம் மாதம் விமானம் ஏறியவன். இரண்டு வருடம் முடிந்து லீவு வந்தபோது வேலை நெருக்கடி என்று கம்பெனி தள்ளிப்போட்டது. அடுத்த முறையும் தள்ளிப்போட்டது. குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது, அவள் அப்பா முகத்தை நேரில் பார்த்த நினைவே இல்லாமல். வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் அவனுக்குத் தலை நிறைய முடி. இங்கே ஹெல்மெட்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதைப் பாதியாக்கியிருந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் போடுவான். மனைவி மலர் பேசுவாள். பிறகு செல்போனைப் பிடித்துக் குழந்தையின் காதில் வைப்பாள். குழந்தை ஓடிவிடும். "அப்பாதான்டி, பேசுடி" என்று மலர் கெஞ்சுவது கேம்ப்பில் பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்கும். ஒருநாள் குழந்தை பேசியது. "எந்த அப்பா?" என்று கேட்டது. அதை எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான் செல்வராசு. சொல்லி முடித்துவிட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குப் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனாக ஒரு தந்திரம் செய்தான். "பாப்பா, அப்பா கடலுக்குள்ள வேலை பாக்குறேன் சாமி. இன்னிக்கு ஒரு திமிங்கலம் வந்துச்சு" என்றான். அந்தப் பக்கம் ஓட்டம் நின்றது. "எம்மாம் பெருசு?" என்றது குழந்தை. அவ்வளவுதான், தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு பிறந்துவிட்டது.

அன்றிலிருந்து வாரம் ஒரு திமிங்கலக் கதை. வியாழக்கிழமை ஆனால் சரக்குத் தீர்ந்துபோய் என் ரூமுக்கு வந்து நிற்பான். "அண்ணே, திமிங்கலம் என்னண்ணே திங்கும்?" எனக்கு என்ன தெரியும்? எங்கள் ஊரில் ஏரி நிரம்பினால் கெளுத்தி வரும். அது தெரியும். கேம்ப் முழுக்க உட்கார்ந்து யோசித்தது. திமிங்கலத்துக்குப் பெரியசாமி என்று பெயர் வைத்தோம். அதற்குச் சளி பிடித்தது, பல்வலி வந்தது, ஒருநாள் செல்வராசுவின் டிபன் பாக்ஸை முழுங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. டிபன் பாக்ஸ் முருகேசனின் யோசனை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் துறைமுகத்தில் நாங்கள் வேலை பார்த்த வருடங்களில் திமிங்கலம் என்ன, ஒரு ஒழுங்கான சுறாவைக்கூட நாங்கள் கண்டதில்லை. கண்டதெல்லாம் டீசல் மிதக்கும் தண்ணீரும் பிளாஸ்டிக் பையும்தான்.

வினை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. இலக்கியாவை ஒண்ணாம் வகுப்பில் போட்டார்கள். அவள் போனதும் முதல் வேலையாகப் பெரியசாமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் விடுமா? 'உங்கப்பன் புளுகுமூட்டை' என்று கேலி பேசியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போனில் குழந்தை ஒரே போடாகப் போட்டது. "அப்பா, நீ நெசமாவே பாத்தியா? பாத்தேன்னா போட்டோ அனுப்பு. போட்டோ வந்தாத்தான் பேசுவேன்." சொன்னபடியே செய்தது. அடுத்த வெள்ளி பேசவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் பேசவில்லை. மூன்றாவது வெள்ளி செல்வராசு போனை வைத்துவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். "அஞ்சு வருசமா அது வாயில இருந்து வந்த ஒரே பேச்சு இதாண்ணே. அதுவும் போச்சு" என்றான். திமிங்கலத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

ஹஜ் பெருநாளுக்கு நாலு நாள் விடுமுறை வந்தது. சலாலாவில் மெக்கானிக் வேலை பார்த்த முருகேசனின் மச்சான் ஒருவன், மிர்பாத்தைத் தாண்டி மண்பாதை முடிகிற இடத்தில், பாறைமேல் உட்கார்ந்திருந்தாலே திமிங்கலம் தெரியும் என்று சொல்லியிருந்தான். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகவேண்டும். எல்லோரும் சேர்ந்து மினி பஸ் பேசினோம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர் கான் பாய். செல்வராசுவோடு எட்டுப் பேர், அப்புறம் நான். ஒரு அண்டா புளிச்சோறு. தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் பைனாகுலர் எங்களிடம் இல்லை. ஆகவே சைட்டில் மட்டம் பார்க்கிற கருவியை, அதன் முக்காலியோடு, ஸ்டோர்க்காரன் கையைக் காலைப் பிடித்து வாங்கி வந்தேன். உலகத்திலேயே முக்காலியும் புளிச்சோறுமாகத் திமிங்கலம் பார்க்கப் போன முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் ஓடி, சலாலாவில் மச்சான் ரூமில் சுருண்டு படுத்து, மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒருபக்கம் மலை, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கறுத்த ஆழமான கடல். சோஹாரின் கடல் குட்டை மாதிரி. இது வேறு சாதிக் கடல். முக்காலியை நட்டேன். ஒவ்வொருவராக வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். பத்து மணிக்குள் முருகேசன் பதினைந்து திமிங்கலம் கண்டுபிடித்தான். நாலு பாறை, இரண்டு படகு, மீதி அலை. பன்னிரண்டு மணிக்கு அண்டா காலி. வெயில் மண்டையைப் பிளந்தது. செல்வராசு மட்டும் சாப்பிட வரவில்லை, பாறை விளிம்பில் நின்றுகொண்டே இருந்தான். "வாடா, சோத்தைத் தின்னுட்டுப் பாரு. திமிங்கலம் உன்னைக் கேட்டுட்டுத்தான் வரப்போவுதா" என்றேன். "நான் கண்ணை எடுக்குற நேரம் வந்துட்டுப் போயிட்டா என்னண்ணே பண்றது?" என்றான். பெரியசாமிக்கு மொட்டை போடுவதாக வேறு வேண்டிக்கொண்டிருந்தான். இருக்கிற முடிக்கு அது பெரிய காணிக்கையும் இல்லை.

அப்போதுதான் பிக்கப்பில் இரண்டு ஆடுகளோடு ஒரு பெரியவர் வந்தார். மீன்பிடிக்கிறவர், பெயர் சாலிம். வண்டியை நிறுத்தி முக்காலியைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், எங்கள் எல்லோரையும் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இறங்கி வந்து என் கையைப் பிடித்து மூக்கோடு மூக்கு உரசாத குறையாக வரவேற்றார். "தரீக்?" என்றார். ரோடா என்று கேட்கிறார். அந்த மண்பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலே ரோடு வரும் வரும் என்று அவர்கள் எத்தனையோ காலமாகக் காத்திருக்கிறார்கள். கடைசியில் அரசாங்கம் ஆளனுப்பிவிட்டது, அதுவும் பெருநாளன்று, என்று அவர் நினைத்துக்கொண்டார். முக்காலியும் நானும் இருக்க, அவரைக் குறை சொல்ல முடியாது.

"மாஃபி தரீக். ஹூத்!" என்றேன். ரோடு இல்லை, திமிங்கலம். கையை அகல விரித்து, தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரியும் செய்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஹூத் மௌஜூத், ஹூத் மௌஜூத்" என்று கையை உதறினார். திமிங்கலம் இருக்கிறது, அதற்கென்ன இப்போது என்ற பாவனை. அடுத்த மூச்சில் "தரீக் மத்தா?" என்றார். ரோடு எப்போது? எங்கள் பக்கம் சர்வேயர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போனால் 'நிலத்தைப் புடுங்க வந்துட்டான்' என்று கல்லைத் தூக்குவார்கள். இங்கே காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, நெய் மிதக்கும் பெருநாள் அல்வா வந்தது. அப்புறம் அவர் கைத்தடியால் மண்ணில் கோடு கிழித்து, ரோடு எங்கே போகவேண்டும் என்று எனக்குக் காட்டினார். கிணற்றை விட்டுவிட்டு வளையவேண்டும். அவர் வீட்டை விட்டுவிட்டு வளையவேண்டும். பிறகு நேராகப் போகவேண்டும். நேராகப் போனால் ஒரு ஆட்டுக் கொட்டகை இடிபடும். "அது யாருது?" என்று சைகையில் கேட்டேன். கான் பாய் விசாரித்துச் சொன்னார்: "உஸ்கே சாலே கா ஹை." மைத்துனருடையது. எந்த ஊரானால் என்ன, மைத்துனர் கொட்டகை வழியாகத்தான் ரோடு போகவேண்டும் போலிருக்கிறது.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதாமல் விட மனது வரவில்லை. அவ்வளவு அல்வா தின்றிருந்தோம். எழுதியதைப் பார்த்ததும் பெரியவர் திருப்தியாகி, 'இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம்' என்கிற மாதிரி எங்களை எழுப்பி, கொஞ்சம் தள்ளி, நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை முனைக்குக் கூட்டிப்போனார். கீழே தண்ணீர் மை மாதிரி இருந்தது. உட்காருங்கள், பேசாமல் இருங்கள் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தார்கள். பேசாமல் இருப்பது மட்டும் முடியவில்லை. முருகேசன், இந்த இடத்தைச் சொன்ன மச்சானைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

நாலு மணி இருக்கும். முதலில் சத்தம்தான் வந்தது. கம்ப்ரஸரில் அடைத்த காற்றை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வருகிற சத்தம். பிறகு கடலிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு வெள்ளையாக ஆவி எழுந்தது. பெரியவர் கையைத் தூக்கி, மெதுவாக, "ஹூத்" என்றார்.

இனி நடந்ததை நான் கொஞ்சமும் கூட்டாமல் எழுதுகிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, கடைசியில் அந்த ஜீவன் எங்கள் காலடியில் எழுந்தபோது, என்னோடு வந்த எட்டுப் பேரும் ஒரே நொடியில் எழுந்து, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. உயரமானவர்கள் பின்னால் போனார்கள், குட்டையானவர்கள் முன்னால் குந்தினார்கள். மூன்று சீப்பு வெளியே வந்தது. முருகேசன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் செல்வராசுவுக்கு மாட்டிவிட்டு, அவனை நடுவில் தள்ளினான். செல்வராசு சட்டையை உள்ளே செருகி, நெஞ்சை நிமிர்த்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றான். "எடுங்கண்ணே! எடுங்கண்ணே! போயிடப் போவுது!" என்று அவன் கத்தியபோதும் சிரிப்பு கலையவில்லை.

நான் எடுத்தேன். அந்தச் சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் அவர்கள் தலைகளுக்கு மேலே நான் பார்த்தேன். கறுத்த முதுகு ஒன்று உருண்டு, உருண்டு, முடிவில்லாமல் உருண்டுகொண்டே போனது. எங்கள் மினி பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது. பக்கவாட்டில் ஒரு துடுப்பு எழுந்தது. அடிப்பக்கம் வெள்ளை. அது தண்ணீரில் விழுந்த ஓசை கேட்டும் ஒருவன் திரும்பவில்லை. கான் பாய் வண்டிக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, "அரே பாகல் லோக்! உதர் தேக்கோ, உதர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பைத்தியக்காரர்களே, அங்கே பாருங்கள் என்று அர்த்தம். ஒருவனும் திரும்பவில்லை. கடைசியில் வால் எழுந்தது. தண்ணீர் கயிறு கயிறாக வழிய, அது ஒரு நிமிடம் போலத் தோன்றிய ஒரு நொடி வானத்தில் நின்றது. மூன்றாவது முறை அழுத்தினேன். வால் சத்தமில்லாமல் உள்ளே போனது.

"ஆச்சா?" என்றான் முருகேசன். ஆச்சு என்றேன். அப்புறம்தான் எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடல் இருந்தது. வழுவழுவென்று ஒரு வட்டம் மட்டும் தண்ணீர்மேல் இருந்தது. அதுவும் கலைந்தது. பெரியவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களை நம்பியா அரசாங்கம் ரோட்டை ஒப்படைத்திருக்கிறது என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"டேய் செல்வராசு, நீயாவது ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கக் கூடாதாடா?" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "திரும்புனா போட்டோவுல மொகம் விழாதேண்ணே."

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். அது மறுபடி வரவில்லை. பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். மற்றக் கடல்களில் இந்தச் சாதித் திமிங்கலங்கள் குளிருக்கு ஒரு கடல், சாப்பாட்டுக்கு ஒரு கடல் என்று வருடாவருடம் ஆயிரக்கணக்கான மைல் போய்த் திரும்புமாம். அரபிக்கடலில் இருக்கிற கூட்டம் மட்டும் எங்கும் போவதில்லையாம். பெற்றதும் வளர்த்ததும் எல்லாம் ஒரே இடம். வளைகுடாப் பக்கம் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அவர்கள்தான் போல.

திரும்பி வரும் வழி முழுக்கச் செல்வராசு என் பக்கத்து ஸீட்டில். "சொல்லுங்கண்ணே, எப்படி இருந்துச்சு?" சொன்னேன். "சத்தம் எப்படின்னு சொன்னீங்க?" மறுபடி சொன்னேன். "வாலு என்ன நெறம்? தண்ணி எப்படி வழிஞ்சுச்சு?" நிஸ்வா வரும்போது அவன் எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். சோஹார் வரும்போது என்னைவிட நன்றாகச் சொன்னான். தண்ணீர் கயிறு கயிறாக வழிந்தது என்றேனே, அது அவன் சொன்னது. நான் பார்த்ததை அவன்தான் எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தான்.

ஸ்டூடியோவில் ரோலைக் கழுவினோம். முதல் படத்தில் திமிங்கலமும் இல்லை, பாதிப் பேருக்குத் தலையும் இல்லை. இரண்டாவது படம் ஒரே ஆட்டம். மூன்றாவது படம் தெய்வமே எடுத்த மாதிரி வந்திருந்தது. எட்டு முகங்கள், எட்டுச் சிரிப்பு. நடுவில் செல்வராசு. அவன் தோளுக்கு மேலே, தெள்ளத் தெளிவாக, அந்த வால். அந்த வெள்ளிக்கிழமை அவன் போனில், "பாப்பாகிட்ட சொல்லு, போட்டோ வருதுன்னு" என்றான். குழந்தை செல்போனைப் பிடுங்கிக்கொண்டது. அரைமணி நேரம் அவன் அந்த நாளைச் சொன்னான். சத்தம், ஆவி, முதுகு, துடுப்பு, வால், எல்லாம். எதுவும் பொய் இல்லை, அவன் பார்த்ததாகச் சொன்னதைத் தவிர. பேசி முடித்துவிட்டு வந்து, "வாயத் தொறந்துட்டாண்ணே!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான்.

அடுத்த மாதம் எனக்கு லீவு. அவன் லீவு மூன்றாம் முறையாகத் தள்ளிப் போயிருந்தது. போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டி என்னிடம் கொடுத்தான். "வெள்ளிக்கிழமை போங்கண்ணே. நான் போன் பண்றப்ப நீங்க அங்க இருக்கணும். போட்டோவுல என்னைப் பாத்ததும் அது மொகம் எப்படிப் போவுதுன்னு நீங்க பாத்து வந்து சொல்லணும்." இன்னொரு தடவை எனக்குப் பார்க்கிற வேலை.

போனேன். மலர் வாசலிலேயே, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று பாயை விரித்தாள். இலக்கியா என் காலருகே வந்து நின்றாள். இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் இல்லை. அட்டையைப் பிரித்துப் போட்டோவைக் கொடுத்தேன். "பெரியசாமி!" என்று கத்தினாள். வாலைத் தொட்டாள். மலர் அவள் தோள் வழியாகக் குனிந்து பார்த்தாள். அவள் பார்த்தது வாலை இல்லை. "ரொம்ப மெலிஞ்சிட்டாரு" என்றாள், எனக்குக் கேட்டும் கேட்காமலும்.

குழந்தை ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போனது. கடைசி முகம்வரை போயிற்று. பிறகு நிமிர்ந்து, "இதுல அப்பா இல்ல" என்றது.

"ஏய், என்னடி இது, இதோ..." என்று மலர் கையை நீட்டினாள்.

"போம்மா. இவங்க ஒருத்தருமே திமிங்கலத்தப் பாக்கல. எல்லாரும் இந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கிறாங்க. அப்பாதான் பாத்தாரு. வாலு, தண்ணி, எல்லாம் சொன்னாருல்ல? அப்போ போட்டோ எடுத்ததுதான் அப்பா."

மலரின் கை பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். செல்வராசுவின் முகத்தைக் காட்டினால் அவன் திமிங்கலம் போய்விடும். திமிங்கலத்தை விட்டால் அவன் முகம் போய்விடும். நாலு நாள் அவனோடு போய் வந்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மலர் கொடுத்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

செல்போன் அடித்தது. குழந்தை பாய்ந்து எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தியது.

"பாப்பா, போட்டோ வந்துச்சா சாமி?"

"வந்துச்சுப்பா! சூப்பரா எடுத்துருக்க. உன்னத் தவிர எல்லாரும் இருக்காங்க."

அந்தப் பக்கம் கேம்ப் டிவியின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். நான் எழுந்து போனை வாங்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவன் குரல் வந்தது.

"ஆமா சாமி. யாராச்சும் ஒருத்தர் எடுக்கணும்ல."

"அப்பா, நடுவுல ஒருத்தரு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

"அவரா? அவரு... எங்கூட வேலை பாக்குறவரு. அவரும் நம்ம பக்கத்து ஆளுதான்."

"நல்லவரா?"

"தெரியல சாமி. ஊருக்கு வர்றப்ப அவரையும் கூட்டிட்டு வர்றேன். நீயே பாத்துச் சொல்லு."